அகர வரிசையில் ஓர் அழுகை

துக்கம் கேட்கப் போன இடத்தில் ஒரு தப்பு செய்தேன். அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

முன்பு குடியிருந்த அடுக்ககத்தில் எங்களுக்கு எதிர்வீடு. கிறிஸ்துவக் குடும்பம். கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் பொங்கலுக்குக் கரும்பும் இரண்டு கதவுகளுக்கு நடுவே போய்வந்த பழக்கம். அவர்களுக்கு ஒன்பது வயதில் ஒரு பெண். மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் ஆஸ்பத்திரி, ஆறாம் நாள் இல்லை. அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றி எழுதக் கை வரவில்லை.

நான் போனபோது ஹால் முழுக்க பிளாஸ்டிக் நாற்காலிகள். ஊரிலிருந்து வந்திருந்த பாட்டி தரையில் உட்கார்ந்து, தலையை விரித்துப்போட்டு, ராகம் போட்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்தார். படித்த உறவுக்காரர் ஒருவர் சட்டென்று குனிந்து, ‘‘அப்படியெல்லாம் அழக்கூடாதும்மா. பாப்பா ஆண்டவர்கிட்ட போயிருக்கா. சந்தோஷமா அனுப்பி வைக்கணும்’’ என்று அடக்கினார். பாட்டி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்.

சுவரில் ஒரு காலண்டர். மலை, சூரிய உதயம், கீழே ஒரு பைபிள் வசனம். கடவுளின் இரக்கத்துக்கு முடிவே இல்லை, அது தினம் காலையில் புதிதாக வருகிறது என்கிற பொருளில். என்ன பேசுவது என்று தெரியாமல் நின்ற எனக்கு அது கைகொடுத்தது. அதைப் பார்த்துக்கொண்டே நண்பரிடம், ‘‘இதுலயும் கடவுள் ஏதோ ஒரு பாடம் வெச்சிருப்பார் சார்’’ என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம்கூட இல்லை. ‘‘எனக்குப் பாடம் சொல்லித் தர்றதுக்கு என் பொண்ணுதான் சார் கெடச்சாளா?’’

பதில் இல்லை. காபி வந்தது. குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

அந்தக் காலண்டர் வசனத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ‘புலம்பல் 3’ என்று போட்டிருந்தது மனசில் ஒட்டிக்கொண்டது. ஆறுதல் வசனம் வந்த புத்தகத்துக்கு ஏன் புலம்பல் என்று பெயர்? வீட்டுக்கு வந்து பைபிளை எடுத்துத் தேடினேன். பழைய ஏற்பாட்டில், எரேமியாவுக்கும் எசேக்கியேலுக்கும் நடுவே ஒளிந்துகொண்டிருக்கிற மிகச் சின்னப் புத்தகம். ஐந்தே அதிகாரம், மொத்தம் 154 வசனம். நிதானமாகப் படித்தாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். படித்து முடித்தபோது நான் அந்த ஹாலில் எவ்வளவு பெரிய அபத்தத்தைச் சொல்லியிருக்கிறேன் என்பது புரிந்தது. பாட்டியை அடக்கியவரும்தான்.

துன்பத்திலிருந்து ஆன்மிகப் பாடம் என்று எழுதினால் எந்தப் பத்திரிகையிலும் உடனே இடம் கிடைக்கும். யோசேப்பைக் கிணற்றில் தள்ளினார்கள், கடைசியில் எகிப்துக்கே அதிகாரி ஆனான். தானியேலைச் சிங்கக் குகையில் போட்டார்கள், பத்திரமாக வெளியே வந்தான். இந்தக் கதைகளில் துன்பத்துக்கு ஒரு லாபக் கணக்கு இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் வட்டியோடு திரும்பி வரும். புலம்பலில் அந்தக் கணக்கு இல்லை. அதனால்தான் அதை யாரும் முழுசாகப் படிப்பதில்லையோ என்னவோ.

*

முதலில் என்ன நடந்தது என்று பார்த்துவிடலாம்.

யூதா என்பது இரண்டு வல்லரசுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு சின்ன ராஜ்யம். தெற்கே எகிப்து, கிழக்கே பாபிலோன். கி.மு. 597-ல் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் ஜெருசலேமைப் பிடித்து, அரசனையும் முக்கியஸ்தர்களையும் கொண்டுபோனான். தன் கைப்பொம்மையாக சிதேக்கியா என்பவனை அரியணையில் வைத்தான். பொம்மை சில வருடங்களில் கலகம் செய்தது. நேபுகாத்நேச்சார் திரும்ப வந்தான். இந்த முறை கருணை காட்டுகிற எண்ணத்தில் இல்லை.

அந்தக் கடைசி மாதங்களின் பயம் நமக்கு எழுத்திலேயே கிடைத்திருக்கிறது. 1935-ல் ஜெருசலேமுக்குத் தென்மேற்கே லாகீஸ் கோட்டையின் வாசல் பகுதியைத் தோண்டியபோது, பானை ஓடுகளில் மையால் எழுதின ராணுவக் கடிதங்கள் அகப்பட்டன. ஒன்றில், ‘லாகீஸின் தீ அடையாளத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம், அசெக்காவின் அடையாளம் தெரியவில்லை’ என்கிற மாதிரி ஒரு அதிகாரி தகவல் அனுப்பியிருக்கிறார். எரேமியா புத்தகத்தில், கோட்டை நகரங்களில் லாகீஸும் அசெக்காவும் மட்டும்தான் மிச்சம் என்று ஒரு குறிப்பு இருக்கிறது. இந்த ஓடு எழுதப்பட்டபோது அதில் ஒன்று அணைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

ஜெருசலேமை முற்றுகையிட்டுப் பட்டினி போட்டார்கள். சுவர் இடிந்தது. கி.மு. 587 அல்லது 586. இந்த ஒரு வருட வித்தியாசத்துக்கு அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். சாலொமோன் கட்டின ஆலயம் எரிந்தது. சிதேக்கியாவின் பிள்ளைகளை அவன் கண்ணெதிரே வெட்டிவிட்டு, அப்புறம் அவன் கண்களைப் பிடுங்கினார்கள். அவன் கடைசியாகப் பார்த்தது அதுவாக இருக்க வேண்டும் என்பதுதான் திட்டம். ஜனங்களில் பலரை பாபிலோனுக்கு நடத்திச் சென்றார்கள்.

மிஞ்சினவர்களின் குரல்தான் புலம்பல். எழுதினவர் எரேமியா தீர்க்கதரிசி என்பது பழைய நம்பிக்கை. கிரேக்க மொழிபெயர்ப்பில் முன்னுரையாகவே அப்படிச் சேர்த்துவிட்டார்கள். ஆனால், எபிரேய மூலத்தில் ஆசிரியர் பெயர் இல்லை. யூதர்கள் அதைத் தீர்க்கதரிசிகள் வரிசையில் வைக்காமல் சங்கீதம், யோபு போன்றவற்றோடு சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். தலைப்புகூட முதல் வார்த்தைதான்: ‘எய்கா’. ‘ஐயோ, எப்படி!’ என்று மொழிபெயர்க்கலாம். நம் பாட்டிகள் மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பிக்கிற அதே முதல் மூச்சு.

*

இப்போது ஒரு ஆச்சரியம். இந்த அழுகை அகர வரிசையில் எழுதப்பட்டிருக்கிறது!

ஆத்திசூடி தெரியும் அல்லவா? அ-வில் ஒரு வரி, ஆ-வில் ஒரு வரி என்று ஔவையார் பிள்ளைகளுக்கு அறம் சொன்ன மாதிரி, எபிரேயத்தின் 22 எழுத்துகளில் வரிசையாக இந்தக் கவிதைகள் ஆரம்பிக்கின்றன. ஆலெப், பேத், கிமெல், தாலெத்... முதல் இரண்டு அதிகாரங்களிலும் எழுத்துக்கு ஒரு வசனம், மொத்தம் 22. மூன்றாவதில் எழுத்துக்கு மூன்று, ஆக 66. நாலாவதில் மறுபடி 22. மொழிபெயர்ப்பில் இது போய்விடுகிறது. தமிழ் பைபிளில் படிக்கிறவருக்கு ‘ஏன் எல்லா அதிகாரமும் 22, 66 என்றே வருகிறது?’ என்ற சந்தேகம் மட்டும்தான் மிச்சம்.

ஊர் எரிந்து, பிள்ளைகள் செத்துக் கிடக்கும்போது எவனாவது எழுத்து எண்ணி எழுதுவானா?

எனக்கும் முதலில் செயற்கையாகத்தான் பட்டது. யோசித்தால் அப்படி இல்லை. அளவில்லாத துக்கத்தில் மனசு ஏதாவது ஒரு வரிசையைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். சாவு வீட்டில் சிலர் விடாமல் பாத்திரம் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். வந்தவர்கள் பேரைத் தேதிவாரியாக நோட்டில் எழுதுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது கல்நெஞ்சம் இல்லை. கை நடுங்காமல் இருக்க ஒரு பிடிமானம். இன்னொன்று, முதல் எழுத்து முதல் கடைசி எழுத்து வரை சொல்லியாகிவிட்டால் ஒன்றையும் விடவில்லை என்று அர்த்தம். நம்மிடம் இருக்கிற எல்லா எழுத்தையும் செலவழித்தாகிவிட்டது, இனி சொல்ல எழுத்தில்லை.

இதில் ஒரு துப்பறியும் சமாசாரமும் உண்டு. முதல் அதிகாரத்தில் ‘அயின்’ முன்னால், ‘பே’ பின்னால். அதுதான் வழக்கமான வரிசை. அடுத்த மூன்று அதிகாரங்களில் ‘பே’ முந்திக்கொள்கிறது. அயின் என்றால் கண்; பே என்றால் வாய். யூத ரபிகள் இதற்கு அழகான விளக்கம் வைத்திருந்தார்கள்: மோசே காலத்தில் வேவு பார்க்கப் போனவர்கள் கண்ணால் காணாததை வாயால் சொன்னார்கள், அதனால் வந்த வினை இது, எனவே வாய் முன்னால் வந்துவிட்டது! 1976-ல் இஸ்ரேலில் இஸ்பெத் சர்த்தா என்ற இடத்தில் கிடைத்த மூவாயிரம் வருடப் பழைய ஓட்டில் யாரோ அகர வரிசை எழுதிப் பழகியிருக்கிறார். அதிலும் பே முன்னால்தான். ஆக, அந்தக் காலத்தில் இரண்டு வரிசையும் புழக்கத்தில் இருந்திருக்கிறது. அறிவியல் விளக்கம் சரி. ஆனால், கண்ணால் பார்க்காத துக்கத்துக்கு வாயால் விளக்கம் சொன்ன ஒருவன் என்ற முறையில், ரபிகள் சொன்னதுதான் என்னைக் குத்தியது.

கிறிஸ்துவ மரபும் இந்த எழுத்துகளை விட மனசில்லாமல் வைத்திருக்கிறது. புனித வாரத்தில் இந்தப் பகுதிகளை லத்தீனில் பாடும்போது ‘ஆலெப்’, ‘பேத்’ என்ற எழுத்துப் பெயர்களையும் சேர்த்தே பாடுவார்கள். 16-ம் நூற்றாண்டு ஆங்கில இசைமேதை தாமஸ் டாலிஸ், வெறும் எழுத்துப் பெயர்களுக்கே உருக்கமான இசை கொடுத்திருக்கிறார். கேட்டுப் பாருங்கள். அர்த்தமே இல்லாத ஒரு எழுத்து எப்படி அழும் என்பது தெரியும்.

*

வடிவம் போதும். உள்ளே வருவோம்.

முதல் அதிகாரத்தில் இரண்டு குரல்கள். ஒருவர் வெளியே நின்று பார்க்கிறவர். ஜெருசலேமை ஒரு விதவையாகக் காட்டி, ராத்திரியெல்லாம் அழுகிறாள், பழைய சிநேகிதர்கள் எல்லாம் எதிரிகளாகிவிட்டார்கள் என்று நிருபர் மாதிரி விவரித்துக்கொண்டு போகிறார். ‘அவள் செய்த பாவம்தான் காரணம்’ என்றும் நடுவில் செருகுகிறார். திடீரென்று அவள் குறுக்கிட்டுப் பேச ஆரம்பிக்கிறாள். முதலில் கடவுளைப் பார்த்து. அப்புறம் தெருவில் போகிறவர்களைப் பார்த்து: ‘உங்களுக்கு இது ஒன்றுமே இல்லையா? நின்று பார்க்க மாட்டீர்களா?’ என்கிற பொருளில் ஒரு கேள்வி. பஸ் ஸ்டாண்டில் நம்மைக் கடந்து போக விடாமல் கையைப் பிடித்து நிறுத்துகிற கேள்வி.

அந்த அதிகாரத்தில் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. அவளுக்கு ஆறுதல் சொல்ல ஆள் இல்லை. ஐந்து முறை எண்ணினேன். பசி, அவமானம், தோல்வி எல்லாவற்றையும்விட அவளை அரிக்கிறது அதுதான்.

இரண்டாம் அதிகாரத்தில் அந்த நிருபர் மாறிப்போகிறார். இந்தப் புத்தகத்தின் உயிரான இடம் என்று நான் நினைப்பது இது. குழந்தைகள் தெருவில் மயங்கி விழுகின்றன. சாப்பிட என்ன இருக்கிறது என்று அம்மாவைக் கேட்டபடியே அவள் மடியில் உயிரை விடுகின்றன. இதைச் சொல்லும்போது அவருக்கே கண்கள் இருண்டு, குடல் கலங்குகிறது. விவரிப்பு நின்றுபோகிறது. அவளிடம் நேராகத் திரும்பி, உன்னை எதற்கு ஒப்பிட்டு ஆறுதல் சொல்வேன், உன் காயம் கடல் மாதிரி பெரிசாக இருக்கிறதே என்று கையை விரித்துவிடுகிறார்.

கவனியுங்கள். ‘உன் பாவத்தின் பலன்’ என்று முந்தின அதிகாரத்தில் விளக்கம் வைத்திருந்தவர்தான் இவர். குழந்தைகளைப் பார்த்ததும் விளக்கம் கையைவிட்டுப் போய்விட்டது. பிறகு அவர் அவளுக்குச் சொல்கிற ஒரே யோசனை என்ன தெரியுமா? பொறுத்துக்கொள் என்பதல்ல. அழு. ராத்திரி பகலாக அழு, நிறுத்தாதே, மனசைத் தண்ணீர் மாதிரி கடவுள் முன்னால் கொட்டு, உன் குழந்தைகளின் உயிருக்காகக் கையை உயர்த்து.

அவளும் கொட்டுகிறாள். நாகரிகமாக இல்லை. கடவுளைப் பார்த்து, ‘யாருக்கு இப்படிச் செய்தீர் என்று பாரும்’ என்கிறாள். பட்டினியில் தாய்மார்கள் தாங்கள் பெற்ற பிள்ளைகளையே தின்கிற கொடுமையை, அவர் பார்வையைத் திருப்ப முடியாதபடி முகத்துக்கு நேரே வைக்கிறாள்.

இந்த அதிகாரம் முழுக்க நகரத்தை அழிக்கிறவர் யார்? பாபிலோன் என்ற பெயரே புத்தகத்தில் இல்லை. இடித்தார், எரித்தார், விழுங்கினார் என்று வரிசையாக வருகிற வினைச்சொற்களுக்கெல்லாம் எழுவாய் கடவுள்தான். பகைவனைப் போல ஆகிவிட்டார் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. வேத புத்தகத்துக்குள் இதை அனுமதித்திருக்கிறார்களே என்று எனக்கு வியப்பு. நாங்கள் பாவம் செய்தோம் என்று ஒத்துக்கொள்ளவும் செய்கிறார்கள். ஆனால் தண்டனையின் அளவு இதுதானா, பால்குடிக் குழந்தையின் நாக்கு தாகத்தில் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறதே, அது என்ன பாவம் செய்தது என்ற கேள்வியை விடவும் இல்லை. இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். எதிர்வீட்டு நண்பர் என்னிடம் கேட்டதும் இதே கேள்விதான். அதைக் கேட்டு இரண்டாயிரத்து அறுநூறு வருடம் ஆகிறது.

*

சரி, அந்தக் காலண்டர் வசனம்?

மூன்றாம் அதிகாரத்தில், சரியாகப் புத்தகத்தின் நடுவில் இருக்கிறது. பொய்யில்லை, உண்மையிலேயே இருக்கிறது. 1923-ல் தாமஸ் சிஷோம் என்ற அமெரிக்கர் அதை வைத்து எழுதின ஆங்கிலப் பாட்டு உலகம் முழுக்க சர்ச்சுகளில் ஒலிக்கிறது. ஆனால், அதற்கு முன்னால் இருபது வசனம் என்ன சொல்கிறது தெரியுமா? கடவுள் கரடி மாதிரி, சிங்கம் மாதிரி பதுங்கியிருந்து தாக்குகிறார். வில்லில் அம்பு பூட்டி என்னைக் குறி வைக்கிறார். நான் கத்தினாலும் என் பிரார்த்தனைக்குக் கதவை அடைக்கிறார். என் நம்பிக்கை செத்துப்போயிற்று என்று சொல்லிவிட்டுத்தான், அடுத்த மூச்சில், இருந்தாலும் ஒன்று ஞாபகம் வருகிறது என்று அந்த இரக்கத்துக்கு வருகிறான் அந்த மனிதன்.

வந்து அங்கேயே தங்கினானா என்றால் அதுவும் இல்லை. கொஞ்ச தூரம் அமைதியாகப் பேசுகிறான். நாற்பத்திரண்டாம் வசனத்தில், நாங்கள் தப்பு செய்தோம், நீர் மன்னிக்கவில்லை என்று மறுபடி ஆரம்பித்துவிடுகிறான். பிரார்த்தனை நுழைய முடியாதபடி மேகத்தால் உம்மை மூடிக்கொண்டீர் என்கிறான்.

துக்கத்தில் இருக்கிற யாரையும் பாருங்கள், இப்படித்தான் இருப்பார்கள். காலையில் கொஞ்சம் தெளிந்து, ‘என்ன செய்ய, கடவுள் இருக்கார்’ என்பார்கள். சாயங்காலம் செருப்பு ஸ்டாண்டில் அந்தச் சின்ன ஷூவைப் பார்த்ததும் எல்லாம் சரிந்துவிடும். நம்பிக்கை என்பது ஏறி உட்கார்ந்துகொள்கிற மொட்டை மாடி இல்லை. மூச்சு வாங்க நிற்கிற படிக்கட்டுத் திருப்பம். காலண்டர் அடிக்கிறவர்கள் அந்தத் திருப்பத்தை மட்டும் வெட்டியெடுத்து, ஏறின படியையும் இறங்குகிற படியையும் விட்டுவிட்டார்கள். வசனம் குற்றமற்றது. கத்தரிக்கோல்தான் குற்றவாளி. நான் அந்தக் கத்தரிக்கோலால் ஒரு தகப்பனைக் குத்தியிருக்கிறேன்.

ஐந்தாம் அதிகாரத்தில் இன்னொரு விநோதம். 22 வசனம் இருக்கிறது. அகர வரிசை இல்லை. கூடு இருக்கிறது, எழுத்து போய்விட்டது. விஷயமும் சுருங்கிப்போகிறது. எங்கள் தண்ணீரையே நாங்கள் காசு கொடுத்துக் குடிக்கிறோம், பையன்கள் விறகுச் சுமையில் தடுக்கி விழுகிறார்கள், பசியில் தோல் அடுப்பு மாதிரி கொதிக்கிறது... ஓலம் முடிந்து, தாலுகா ஆபீசில் கொடுக்கிற மனு மாதிரி ஆகிவிடுகிறது. அழுது தீர்ந்த தொண்டையில் அவ்வளவுதான் வரும்.

முடிவாவது நல்லபடியா? இல்லை. எங்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் என்று கெஞ்சிவிட்டு, ஒருவேளை எங்களை ஒரேயடியாகத் தள்ளிவிட்டீரோ என்ற சந்தேகத்தில் நின்றுவிடுகிறது. அந்தக் கடைசி வசனத்தின் எபிரேய வாக்கியமே முழுசாக இல்லாத மாதிரி இருக்கும். மொழிபெயர்ப்பாளர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள்.

புத்தகம் முழுக்க கடவுள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இது எவ்வளவு துணிச்சல் என்பது, இதைவிடப் பழைய சுமேரியப் புலம்பல்களோடு ஒப்பிட்டால் தெரியும். மெசபடோமியாவில் ஊர் என்று ஒரு ஊர் இருந்தது. பெயரே அதுதான்! அது அழிந்ததற்கு சுமார் நாலாயிரம் வருடத்துக்கு முன் எழுதின புலம்பல் கிடைத்திருக்கிறது. அங்கே நகரத்தின் தேவதையான நிங்கல், மற்ற கடவுள்களிடம் போய் நகரத்துக்காக அழுது மன்றாடுகிறாள். ஜெருசலேமுக்கு ஒரே கடவுள். மேலே சிபாரிசுக்கு யாரும் இல்லை. அவள்தான் அழ வேண்டும், அவரிடமேதான் அழ வேண்டும், அவரைப் பற்றியே அவரிடம் புகார் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடாது. புலம்பலில் பக்தி என்று ஒன்று இருந்தால் அது இந்தப் பிடிவாதம்தான்.

இந்தப் புத்தகத்தில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். தோற்ற நகரத்தை ஒரு பெண்ணாக்கி, அவள் உடம்பின் அவமானத்தை ஊரறியச் சொல்கிற வரிகள் இன்று படிக்கக் கூசுகின்றன. பெண்ணிய விமர்சகர்கள் இதைக் கடுமையாகக் கேட்டிருக்கிறார்கள், நியாயம்தான். அடிபட்டவனுக்கு வருகிற ஆத்திரமும் உண்டு: எங்களுக்கு வந்தது எதிரிக்கும் வரட்டும் என்ற சாபம். உபதேசப் புத்தகமாக இருந்தால் இதையெல்லாம் துடைத்திருப்பார்கள். அழுகை என்பதால் மூக்குச் சளியோடு அப்படியே இருக்கிறது.

*

யூதர்கள் இதை அலமாரியில் வைக்கவில்லை. வருடத்தில் ஒரு நாள், ஆவ் மாதம் ஒன்பதாம் தேதி, இரண்டு ஆலயங்களும் அழிந்த நாள் என்று அனுசரிக்கிறார்கள். இரண்டாவது ஆலயத்தை ரோமானியர்கள் கி.பி. 70-ல் இடித்தார்கள். அன்று முழு உபவாசம். தோல் செருப்பு போடுவதில்லை. ஒருவருக்கொருவர் வணக்கம்கூடச் சொல்வதில்லை. ஜெப ஆலயத்தில் விளக்கைக் குறைத்துவிட்டு, தரையிலோ சின்ன மணைகளிலோ உட்கார்ந்து புலம்பலைச் சோக ராகத்தில் வாசிக்கிறார்கள். கடைசி வசனத்தின் கசப்போடு எழுந்து போக மனசு வராமல், அதற்கு முந்தின வசனத்தை இன்னொரு முறை படித்துவிட்டு முடிக்கிறார்கள். கசப்பை அழித்துவிடவில்லை. படித்தேதான் தீர்கிறார்கள். அப்புறம் ஒரு வாய் தண்ணீர் மாதிரி அந்த முந்தின வரி.

அதற்கடுத்த சனிக்கிழமை வாசிக்கிற பகுதி ஏசாயா நாற்பதாம் அதிகாரம். என் ஜனத்துக்கு ஆறுதல் சொல்லுங்கள் என்று கடவுள் அங்கே பேசுகிறார். ஆறுதல் சொல்ல ஆள் இல்லை என்று அவள் ஐந்து முறை அழுதாளே, அதற்குப் பதில். ஆனால், அது எழுதப்பட்டது நகரம் அழிந்து ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு. வேறொரு புத்தகத்தில், அடுத்த தலைமுறைக்கு. நான் அந்த ஹாலில் ஐந்தாவது நிமிஷத்தில் சொல்ல ஆசைப்பட்டது இந்தப் பதிலைத்தான்!

யோபுவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்தவனைப் பார்க்க மூன்று நண்பர்கள் வந்தார்கள். ஏழு பகல், ஏழு ராத்திரி ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். எட்டாம் நாள் கடவுளுக்கு வக்கீலாக வாயைத் திறந்தார்கள், கெட்டது. கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது புகார் சொன்ன யோபுவிடம் இல்லை, தன் சார்பில் வாதாடின அந்த மூன்று பேரிடம்!

பிறகு அந்த வீட்டுக்குப் போனேனா என்று கேட்பீர்கள். போனேன், ஒரு மாதம் கழித்து. நண்பர் ஆபீசுக்குப் போயிருந்தார். பாட்டி மட்டும் இருந்தார். பேத்தியின் ஸ்கூல் நோட்டுகளைப் பிரவுன் அட்டை கிழியாமல் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். நாற்காலியைக் காட்டினார். நான் தரையில் உட்கார்ந்தேன். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, மெதுவாக, ராகத்தோடு, அன்றைக்கு நிறுத்தின இடத்திலிருந்து ஆரம்பித்தார். தங்கமே என்றார், கண்ணே என்றார், உனக்குக் கண்ணில்லையா என்று யாரையோ கேட்டார்.

பேத்தியைக் கேட்கவில்லை என்று மட்டும் எனக்குப் புரிந்தது. முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.